வாள்மங்கலம் முதல் ஆயுத பூசை வரை

இரும்பை உருக்கக் கற்ற மனிதன் முதலிற் செய்தது ஏர்க்கொழுவா, வாளா என்று வினவுவோர் உண்டு. விடை எதுவாயினும் ஆகுக; தமிழ் மண்ணைத் தோண்டிப் பார்த்த இடங்களில் தொழிற்கருவியும் படைக்கருவியும் அடுத்தடுத்தே கிடைத்து வருகின்றன. தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூர் இதற்குத் தலைசிறந்த சான்று. 1876ஆம் ஆண்டில் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கு முதலில் தோண்டினார். பின்னர் 1899இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அவ்விடத்தை விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு வாளும், குத்துவாளும், ஈட்டிமுனையும், மண்வெட்டியும் வெளிப்பட்டன. பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும், வெண்கலத்தாலாகிய சேவல் உருவமும் உடன் கிடைத்தன. இரும்பு வேலையும் சேவலையும் ஒருங்கு கண்ட அறிஞர் சிலர், இவை முருக வழிபாட்டின் தொன்மையைக் காட்டுவன என்று கருதினர்.

நம் தாராவியில் வாழும் தமிழருள் மிகப் பலருடைய முன்னோர் அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களே. அதே வட்டாரத்துச் சிவகளையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட அறிக்கை. அதற்கு முன், 2022ஆம் ஆண்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்னும் காலம் அறிவிக்கப்பட்டிருந்தது. இக்கணிப்புகள் குறித்து அறிஞரிடையே வாதம் நிகழ்கின்றது. அவர்கள் அதனை முடித்துக்கொள்ளட்டும். நமக்கு ஈண்டு வேண்டுவது காலக்கணக்கன்று. இறந்தவனோடு அவன் வாளையும் மண்ணுக்குள் வைத்த மக்கள், அதனை வெறும் இரும்புத் துண்டாகக் கருதியிருத்தல் இயலாது என்பதே நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

சங்க நூல்களைத் திறப்போமாயின் வாள் ஓர் உயிருடைய பொருள்போலவே நடத்தப்படக் காண்கிறோம். தொல்காப்பியர் புறத்திணையில் வாளுக்கென்றே சில துறைகளை வகுத்தார். 'வாள்மங்கலம்' என்பது வாளை நீராட்டி வாழ்த்துதல். வெற்றி பெற்ற வாளைக் கழுவி நீராட்டுதற்கும் தனியே ஒரு துறை உண்டு. இவற்றினும் சுவையானது 'நாட்கோள்' என்பது. அரசன் படையெடுத்துப் புறப்படுதற்கு நல்ல நாளும் நல்ல பொழுதும் குறித்தாயிற்று. ஆனால் அப்பொழுதில் அவனாற் புறப்பட இயலவில்லை. அவ்வாறாயின் அவனுடைய குடையையோ வாளையோ அந்த முகூர்த்தத்தில் ஊர்ப்புறத்தே அனுப்பி வைத்தனர். வாள் சென்றதாயின் மன்னன் சென்றான் என்பதே பொருள்.

இவ்வெண்ணம் பன்னூறு ஆண்டுகள் அழியாமல் நின்றது. தென்பாண்டிச் சீமையின் ஜமீன் மாளிகைகளில், மணமகன் நேரில் வாராமல் தன் கட்டாரியையோ வாளையோ அனுப்பி மணம் முடிக்கும் வழக்கம் இருந்தது. வடக்கே இராசபுத்திரரிடையிலும் இது காணப்பட்டது. வாளுக்குக் கழுத்தை நீட்டிய அப்பெண்களின் உள்ளம் என்ன நினைத்தது என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்ச்சியை நம் பள்ளிச் சிறாரும் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் பளபளத்துக்கொண்டிருந்தன. அதியமானுடைய கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனுடைய சிறிய உலைக்களத்திற் கிடக்கின்றன என்று அம்மூதாட்டி நயம்படக் கூறினார். இதனைப் புகழ்வதுபோலப் பழித்தல் என்று ஆசிரியர் நமக்குக் கற்பித்தனர். அது மெய்யே. ஆயினும் வரலாறு தேடுவோர்க்கு இப்பாட்டில் வேறொரு செய்தியும் உண்டு. பீலியும் மாலையும் நெய்யும் கொண்டு கருவியை அணிசெய்யும் வழக்கம் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்தது என்பதே அது.

வாளின் சடங்கு மங்கலத்தோடு நின்றுவிடவில்லை. குழந்தை இறந்து பிறந்தாலும், உருப்பெறாத தசைப்பிண்டமாகப் பிறந்தாலும் அதனையும் வாளாற் கீறியே அடக்கம் செய்தனர் என்பது சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய செய்யுளால் தெரிகின்றது. போர்க்களத்தில் மடியாமல் நோயுற்று இறந்த அரசரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி வாளாற் போழ்ந்தனர் என்று ஔவையார் மற்றோரிடத்திற் குறிக்கின்றார். வாள் தீண்டாத உடலுக்கு வீரர் உலகம் இல்லை என்பது அக்கால நம்பிக்கை.

கொற்றவை வழிபாட்டில் இது மேலும் கடுமையுற்றது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தைக் கண்டு வந்தோர் நம்முட் பலர். உள்ளே தேவியின் திருவடியில் மண்டியிட்ட அடியவன் ஒருவன் தன் குடுமியைப் பற்றி வாளைக் கழுத்துக்கு ஏற்றிய கோலத்திற் செதுக்கப்பட்டுள்ளான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி காளி கோயிலை வருணிக்குமிடத்தும் இத்தகைய தலைப்பலி பேசப்படுகின்றது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தம் தலையைத் தாமே அரிந்து கொடுக்கும் வீரரின் நவகண்டச் சிற்பங்கள் இன்றும் மண்ணிற் புதைந்தும் மரத்தடியிற் சாய்ந்தும் கிடக்கின்றன. இவற்றைப் பெருமைக்குரியனவாக மேடையில் முழங்குதல் நமக்கு உடன்பாடன்று. அதுபோலவே, இவை நிகழவேயில்லை என மறைத்தலும் நேர்மையாகாது.

பிற்காலத்தில் வாளின் சடங்கு மகாநவமியோடு இணைந்தது. விசயநகரத்தில் இவ்விழா நடந்த மேடை அம்பியில் இன்றும் நிற்கின்றது. 1520ஆம் ஆண்டளவில் அங்கு வந்த போர்ச்சுக்கீசியரான பாயஸ் அதன் ஆரவாரத்தை விரிவாக எழுதி வைத்தார். விசயநகரத்தார் வழியில் நாயக்கரும், அவர்கள் வழியில் இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் இதனைக் கொண்டாடினர். இராமநாதபுர அரண்மனையில் இராசராசேசுவரியின் திருமுன் அரசின் படைக்கலங்கள் வைத்து வணங்கப்பெற்றன. பத்தாம் நாள் சேதுபதி புறப்பட்டு அம்பெய்தலோடு விழா நிறைவுறும். விவேகானந்தருக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி 1892இல் நடத்திய நவராத்திரி பெரும்பொருள் செலவிட்டு நடந்த ஒன்று. ஆனால் அப்போது அந்த வாள்களுக்குப் போர்த்தொழில் அற்றுப்போய் ஏறக்குறைய 90 ஆண்டுகள் கடந்துவிட்டன. எங்ஙனம் அற்றது என்பதைச் சிறிது நின்று காண்போம்.

1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மறுமுறையும் வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர். அந்தப் போரில் கும்பினிப் படையில் நின்ற வெல்ஷ் என்னும் அதிகாரி, பின்னாளில் எழுதிய தம் நினைவுக் குறிப்பில், ஈட்டி எறியவும் வளைதடி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று எழுதியுள்ளார். கற்றவர் ஆசானையே எதிர்த்துப் படைநடத்த நேர்ந்தது. அப்போர் முடிந்தபின், 1801 டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். குடிகள் படைக்கலம் தாங்கலாகாது என்பது அதன் சாரம். ஒரு தலைமுறைக்குள் தென்னாட்டு வீடுகளில் வாள் அரிய பொருளாயிற்று. 1878இல் இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது.

தஞ்சையின் கதை இதனினும் இரங்கத்தக்கது. நாயக்க மன்னரும், 1676 முதல் ஆண்ட மராட்டிய மன்னரும் திரட்டி வைத்த ஆயுதசாலை அவ்வரண்மனையில் இருந்தது. யாளித் தலைக் கைப்பிடியும் நுண்ணிய செதுக்கு வேலையும் கொண்ட வாள்கள், குத்துக்கட்டாரிகள் முதலியன அங்கே குவிந்திருந்தன. 1855இல் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் மகவின்றி மறைய, நாடு கும்பினியின் கைக்குச் சென்றது. 1863ஆம் ஆண்டில் அரசாணைப்படி ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பென்று எடைபோட்டு விற்றனர். வால்ஹவுஸ் என்னும் மாகாண அதிகாரி போன்ற சிலர் இயன்றதை மீட்டனர். எஞ்சியவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்திலும், சில அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலும் உள்ளன. ஏகோஜி மன்னர் சத்திரபதி சிவாஜியின் தம்பியாதலால், அந்த ஆயுதசாலை மராட்டியர்க்கும் தமிழர்க்கும் பொதுவான செல்வம் என்பதை மும்பையில் வாழும் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளலாம்.

இவ்வாறு அரண்மனை வாள் உலைக்குச் சென்றது. சடங்கு மட்டும் அழியவில்லை. அது வேறு கைக்கு மாறியது என்பதே நாம் இக்கட்டுரையிற் சொல்ல விழைவது.

வாளைப் பறிக்கலாம், அரிவாளைப் பறிக்கவொண்ணாது. அரிவாள் இல்லையேல் கதிர் அறுப்பது யாங்ஙனம்? விறகு பிளப்பது யாங்ஙனம்? பனையேறும் தொழிலாளி இடுப்பில் அரிவாட்பெட்டியும் அதனுள்ளே பாளையரிவாளும் இன்றி மரத்தில் ஏற இயலாது. கதிரரிவாள், பன்னரிவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள் என அதன் வகைகள் பல. அடுக்களையில் அமர்ந்து காய் அரியும் அரிவாள்மணையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எந்தச் சட்டத்தாலும் தீண்டப்படாமல் அரிவாள் நின்றது; நின்றதோடன்றி, வாளுக்குரிய சடங்கிடத்தையும் ஏற்றுக்கொண்டது.

கருப்பசாமியின் கையில் ஓங்கிய அரிவாளை எண்ணிப் பாருங்கள். ஐயனார் கோயில் முற்றத்தில் மண்குதிரைகளுக்கு நடுவே, ஆளுயரத்தினும் மிக்க அரிவாள்கள் நேர்த்திக்கடனாக நடப்பட்டிருக்கும். இவை எதையும் வெட்டுதற்காக ஆக்கப்பட்டவையல்ல. மதுரையை அடுத்த அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவச்சிலை வைத்து வணங்கும் வழக்கமில்லை. மூடிய பெருங்கதவே தெய்வம். அக்கதவிற் சந்தனம் சாத்தி, அரிவாளைக் காணிக்கையாக அளிப்பர். தீராத வழக்குடையோர் அங்குச் சென்று சத்தியம் செய்வர். கருப்பன்முன் பொய்யாணை இட அஞ்சாதவர் அரியர். ஆகவே அந்த அரிவாள் முறை வழங்கும் கருவி; கொலைக் கருவி அன்று.

நம் திருநெல்வேலி அன்பர்களுக்குச் சுடலைமாடன் கொடையைப் பற்றி நாம் விளக்க வேண்டுவதில்லை. வில்லுப்பாட்டு முழங்க, நள்ளிரவிற் சாமியாடி வல்லயத்தையும் அரிவாளையும் ஏந்தி வேட்டைக்குப் புறப்படும் கோலத்தைச் சிறுவயதிற் கண்டு நடுங்கியோர் நம்மிடையே பலர். சில ஊர்களில் சாமியாடி அரிவாளின் கூர்விளிம்பின்மேல் நின்று குறிசொல்வதும் உண்டு. அந்நேரத்தில் அவர் ஊரில் எத்துணை எளியவராயினும் ஆகுக, அக்கருவி கையில் உள்ளளவும் ஊர்ப் பெரியவரும் அவர் வாக்குக்குக் கைகட்டி நிற்பர்.

கிடாவெட்டும் இவ்வழிபாட்டின் ஒரு பகுதியே. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950இலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 2003இல் தமிழ்நாட்டரசு அதனைக் கடுமையாகச் செயற்படுத்த முனைந்து, எதிர்ப்பு மிகவே 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டது. இருதிறத்தார் கருத்தும் நம் சங்கத்தாரிடையே உண்டாதலின் அவ்வாதத்தில் நாம் இங்குப் புகவில்லை.

அரிவாளுக்குப் பேர்பெற்ற ஊர் திருப்பாச்சி. சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரைக்கு அண்மையில் உள்ள திருப்பாச்சேத்தி என்பதே அதன் முழுப்பெயர். அங்குள்ள பட்டறைகளில் இக்காலத்தில் பெரிதும் பயன்படுவது லாரியின் அடிப்பட்டை இரும்பு. பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்து பழகிய எஃகாதலின் அரிவாளுக்கு அது மிகப் பொருத்தம். உலையிற் சிவக்கக் காய்ச்சி, குறட்டாற் பற்றி, சம்மட்டியால் அடித்து வடிவம் ஆக்குவர். அனைத்தினும் நுட்பமானது தோய்ச்சல். எந்த நிறத்தில் இரும்பை நீரில் அமிழ்த்த வேண்டும் என்பதைக் கொல்லனுடைய கண் ஒன்றே அறியும். சிறிது முந்தினால் வாய் மழுங்கும். சிறிது பிந்தினால் வெட்டும்போது தெறிக்கும். கோயிலுக்குரிய அரிவாளாயின் விரதமிருந்து அடிக்கும் கொல்லரும் உளர். கொங்குநாட்டுக் கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கிய உலைகள் அகழ்ந்து கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. மேலைநாட்டார் 'ஊட்ஸ்' என்று வியந்த எஃகின் பெயர், கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' என்னும் சொற்களோடு உறவுடையது என்பர். அத்தொழிலின் வழித்தோன்றலையே இப்பட்டறைகளில் நாம் காண்கிறோம்.

இத்துணைப் பெருமையுடைய கருவியை நம் இளைஞர் எவ்வாறு அறிவர்? திரைப்படத்தின் வாயிலாக அறிவர். திருப்பாச்சி என்ற பெயரிலேயே 2005இல் ஒரு படம் வந்தது. தென்னாடு என்றால் அரிவாள், அரிவாள் என்றால் கொலை என்பது ஒரு சூத்திரம்போல் ஆகிவிட்டது. மும்பையிற் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சொந்த ஊர்க் கோயிலுக்குச் சென்று முற்றத்திலுள்ள அரிவாட்குவியலைக் காணும்போது அஞ்சுகின்றனர், சிலர் நாணுகின்றனர். இது களையப்பட வேண்டிய குறை என்பது நம் கருத்து.

சடங்கு வாளின் மற்றொரு வடிவத்தைக் கோயம்புத்தூரிற் காணலாம். தேவாங்கர் குலத்தார் தம் குலதெய்வமாகிய சௌடேசுவரியம்மனை விசயதசமியன்று அழைத்து வருங்கால், இளைஞர் வாள்களை ஏந்தித் தம் மார்பிலும் தோளிலும் தாமே அடித்துக்கொண்டு ஆடிச் செல்வர். இதற்குக் 'கத்தி போடுதல்' என்று பெயர். குருதி துளிர்த்த இடத்தில் மஞ்சட்பொடி முதலியவற்றை அப்பி மேலே நடப்பர். காண்பவர் மனம் பதைக்கும். ஆடுபவர் முகத்தில் அப்பதைப்பு இராது.

இதனைக் கேட்டதும் பயணநூல் படிப்போர்க்குக் கடல்கடந்த பாலித் தீவு நினைவுக்கு வரும். அங்கும் பாரோங் ஆட்டத்தில், தெய்வம் ஏறிய ஆடவர் 'கிரிசு' என்னும் குத்துவாளைத் தம் மார்பிலேயே ஊன்றி அழுத்துவர். கிரிசு அலைபோல் வளைந்தோ நேராகவோ அமைந்த வாள். பலவகை இரும்பை மடித்து மடித்து அடிப்பதால் அதன் உடலில் நீரோட்டம்போன்ற கோலம் தோன்றும். அதனை ஆக்கும் 'பாண்டே' என்னும் கொல்லர் குலத்தார்க்குத் தமக்கென்றே பூசாரிகள் உண்டு; நம் கம்மாளரை இது நினைப்பூட்டும். உயர்குலத்து மணமகன் வர இயலாதவிடத்து அவனுடைய கிரிசே அவனாக நிற்பதும் அங்கு வழக்கமாயிருந்தது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேசியக் கிரிசை மனித இனத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

பாலியின் நாட்காட்டி 210 நாளில் ஒரு சுற்று முடிப்பது. அச்சுற்றின் கடைசிச் சனிக்கிழமை சரசுவதிக்கு உரியது. அன்று ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் அடுக்கி வணங்குவர், படித்தல் கூடாது. அதற்குப் பதினான்காம் நாள் 'தும்பெக் லாண்டெப்'. லாண்டெப் என்றால் கூர்மை. அன்று கிரிசுகளை உறையினின்றும் எடுத்துத் துடைத்து, மலரும் தீர்த்தமும் இட்டு வணங்குவர். அந்நாளுக்குரிய தெய்வத்தின் பெயர் பசுபதி. நூலுக்கு ஒருநாள், கூர்மைக்கு ஒருநாள், இரண்டும் அடுத்தடுத்து. இக்காலத்திலோ கிரிசோடு மோட்டார் வண்டிகளும் கணினிகளும் தென்னங்குருத்துத் தோரணம் பெறுகின்றன.

இவ்வொற்றுமையைக் கண்டு, தமிழரே சென்று பாலியர்க்குக் கற்பித்தனர் என்று பேசுதல் எளிது. அத்தகைய கூற்றை நாம் துணியோம். இந்திய நாட்டிலிருந்து பல வழிகளிற் பல காலத்துச் சென்ற சைவமும், அத்தீவின் சொந்த மரபும் கலந்து விளைந்தது அது. ஆயினும் இரு நாட்டார் பட்டதும் ஒன்றே. 1906 செப்டம்பர் 20ஆம் நாள் டச்சுப் படை பாதுங் அரண்மனையை நெருங்கியபோது, அரசனும் அவன் சுற்றமும் வெண்ணிற ஆடை அணிந்து, கிரிசு ஏந்தி வெளிவந்து, துப்பாக்கிக்கு முன்னே மாண்டனர். 1908இல் குளுங்குங்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கிருந்து கைப்பற்றப்பட்ட கிரிசு ஒன்றை 2023 சூலையில் நெதர்லாந்து அரசு, வேறு பல கலைப்பொருள்களோடு, இந்தோனேசியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. தஞ்சையில் எடைக்கு விற்ற வாள்களை யாரிடம் கேட்பது?

இனி, நாம் வாழும் மராட்டிய மண்ணுக்கு வருவோம். நாம் ஆயுத பூசை செய்யும் அதே நவமியை இந்நாட்டார் 'கண்டே நவமி' என்பர்; கண்டா என்பது அகன்ற நேர்வாள். புனேக்கு அண்மையிலுள்ள செசூரியில் கண்டோபாவின் கோயிலில் ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள கண்டா ஒன்று உண்டு. தசராவில் இளைஞர் அதனை ஒரு கையால் நீட்டி, நெடுநேரம் தாங்கி நிற்கப் போட்டியிடுவர். கோட்டைப் பகுதியில் 1922இல் திறக்கப்பட்டு, இன்று சத்திரபதி சிவாஜி மகாராசர் பெயர் தாங்கும் அருங்காட்சியகத்தில் படைக்கலக் கூடம் ஒன்றுள்ளது. அக்பரின் மார்புக்கவசமும் கேடயமும் அங்கு இருக்கின்றன. விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அக்கூடத்தை விரைந்து கடவாமல் சிறிது நிற்பாராக. அங்குள்ளவை அரசரின் வாள்கள். குடிமக்களின் கூர்க்கருவியைக் காண வேண்டின் தாராவிக்கே செல்ல வேண்டும்.

தாராவியில் தோற்பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நிலைகொண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் முசுலிம்களும் அதனை வளர்த்தனர். தோலின் உட்புறத்துச் சதையைச் சுரண்டும் இருகைப்பிடிக் கத்தி, தோலைச் சீவி மெல்லிதாக்கும் அகன்ற கத்தி, வார் அறுக்கும் சிறுகத்தி ஆகியவற்றைக் கொண்டே பல்லாயிரம் குடும்பங்கள் இந்நகரில் உணவு தேடின. பதனிடும் தொழில் பெரும்பாலும் அங்கிருந்து அகன்றுவிட்டபோதும், பைகளும் வார்களும் செய்யும் பட்டறைகள் உள்ளன. இக்கத்திகளை எந்தப் புலவரும் பாடவில்லை. எந்த அரண்மனையிலும் இவை பீலி சூடவில்லை. இவற்றைப் பிடித்த கையைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய சமூகமே, மன்னன் கையிலிருந்த வாளைத் தெய்வமென்று தொழுதது. இந்த முரண்பாட்டை வரலாறு எழுதுவோர் பலரும் தொடாமற் செல்கின்றனர்.

அரண்மனைச் சடங்கு தொழிலாளியின் பட்டறைக்கு வந்ததை நாம் தாழ்வாக எண்ணவில்லை. அது அச்சடங்குக்குக் கிடைத்த உயர்வு என்றே எண்ணுகிறோம். நவமியன்று தாராவிப் பட்டறைகளிற் கத்திகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். தையற்காரர் கத்தரிக்கோலுக்கும், இட்டலி வாணிகம் செய்வோர் மாவரைக்கும் எந்திரத்துக்கும் மாலை சூட்டுகின்றனர். செம்பூர்த் தொழிற்சாலைகளில் கடைசல் எந்திரத்துக்கும், மாட்டுங்கா ரயில்வே பணிமனையிற் கருவிப்பெட்டிக்கும் பொரியும் கடலையும் படைத்தவர் நம் தந்தையரும் பாட்டன்மாரும். எழுத்தராக வந்தோர் பேனாவையும் தட்டச்சுப் பொறியையும் வைத்தனர். அவர் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியை வைக்கின்றனர். 'கற்றோர்க்குச் சரசுவதி பூசை போதுமே, இந்த இரும்புக்கும் பூசை வேண்டுமோ' என்று கேட்கும் அன்பர் சிலர் நம் குடியிருப்புகளில் உளர். நூலுக்கும் கூர்மைக்கும் உரிய நாள்களைப் பாலியரும் பிரிக்கவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கூர்மைக்குரிய மரியாதை நவமி ஒருநாளோடு முடிவதன்று. நம் மூதாட்டியர் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. தரையில் வைத்தபின் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மணையைத் தாண்டினால் ஏசுவர். வேலை முடிந்ததும் அதனைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைப்பர். இம்முறைகளைப் பெண்கள் எழுத்திற் பொறிக்காமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்துள்ளனர். அடுக்களை மேடைகள் உயர்ந்து, நின்றவாறே அரியும் காலம் வந்தபின் அரிவாள்மணை பல வீடுகளிற் பரணுக்கு ஏறிவிட்டது. எனினும் நவமிக்கு முதல்நாள் அதனை இறக்கிப் புளியிட்டுத் துலக்கி, வாய்க்கு எண்ணெய் தடவி, மணையின் நெற்றியில் ஒரு பொட்டு வைக்கும் இல்லங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் உண்டு. பூசையில் வைத்த கருவியை அன்று தொடுவதில்லை. மறுநாட் காலை மறுபூசை முடிந்தபின் அதனை எடுத்து, ஒரு காயையேனும் அரிந்த பிறகே அடுப்பை மூட்டுகின்றனர்.